கியூ எங்க கீது

"லேப்டாப் எங்கம்மா?" என்று கேட்டார் கோச்சிங் சென்டர் சார்.

"இல்ல சார்."

"வீட்ல வச்சிட்டு வந்துட்டியா?"

"வூட்லயும் இல்ல சார்."

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறை. ஏசி ஓடியது. சுவரில் 'மொபைல் ஆப் டெவலப்மென்ட்' என்று ஆளுயர ஸ்டிக்கர். அவர் என் கைப்பையைப் பார்த்தார், அதற்குள் லேப்டாப் மடித்து வைத்திருப்பேனோ என்பதுபோல. "அது இல்லாம இந்தக் கோர்ஸ் பண்ண முடியாதும்மா. எட்டு ஜிபி ரேமாவது வேணும். வாங்கினதும் வா, அடுத்த பேட்ச்ல சேத்துக்கறேன்."

பேசாமல் வந்திருக்கலாம். என் வாய் என்றைக்குப் பேசாமல் இருந்தது? "சார், ஆப் ஓடப்போறது போன்ல. எழுத மட்டும் ஏன் சார் போன் பத்தாது?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "தோசை வாய்க்குள்ளதான் போவுது. அதுக்குன்னு வாயிலயே சுடுவியா?"

நல்ல பதில்தான், இப்போது யோசித்தால். அன்றைக்கு அந்தப் படிகளை, வீட்டில் சொல்ல முடியாத வார்த்தைகளால் அவரைத் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

கல்லூரியில் நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். லேபில் இரண்டு பேருக்கு ஒரு மெஷின். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வேகமாக டைப் அடிப்பாள், நான் வேகமாகப் பேசுவேன். அப்படியே டிகிரி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆப் எழுத வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் வேலை தேடல் அல்ல, நைனாவின் கால்.

நைனா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினார். மாத்தூர் பக்கம் யார்டில் கன்டெய்னர் பெட்டியை ஏற்றிக்கொண்டு, மணலி, சாத்தாங்காடு, எர்ணாவூர் என்று வந்து, எக்ஸ்பிரஸ் ரோட்டில் கடலை ஒட்டியே காசிமேடு வரை இறங்கி, துறைமுகத்துக்குள் கொண்டுபோய் விட வேண்டும். மேப்பில் பார்த்தால் கையளவு தூரம். வேலை நெருக்கும் நாட்களில் அந்தத் தூரம் முழுக்க வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். ஒரு வண்டி நீளம் நகரும், நிற்கும். மறுபடி ஒரு வண்டி நீளம். காலையில் பட்டினத்தார் கோயில் பக்கம் பார்த்த டிரெய்லரைச் சாயங்காலம் டோல்கேட்டில் பார்க்கலாம்.

எங்கள் வீடு விம்கோ நகரில். நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. தூக்குச்சட்டியோடு கேபின் கேபினாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

"யாரும்மா வோணும்?"

"நைனா."

"இங்க கீற எல்லாருமே நைனாதாம்மா. எந்த நைனா?"

அந்த கியூவுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. டீ குடிக்கவோ, ஒதுங்கவோ, வீட்டில் அவசரம் என்றோ ஒருவர் இறங்கிப் போக வேண்டுமென்றால், வண்டிச் சாவியைப் பின்னால் நிற்கும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார். வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவர் முதலில் முன்வண்டியை ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்துவார், இறங்கி நடந்து வந்து தன் வண்டியை எடுப்பார். இரண்டு வண்டி, ஒரு ஆள். யாரும் மறுத்ததில்லை. முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சாவியை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் சீக்கிரம் திரும்பி வந்துவிட வேண்டும். அடிக்கடியும் கேட்கக் கூடாது. இது யாரும் சொல்லி வைத்த சட்டம் இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நைனாவுக்கு சுகர். இடது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, கிளட்ச் மிதிக்கிற இடத்திலேயே புண். சுகர் முற்றிய காலுக்கு வலி தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து டிரஸ்ஸிங் பண்ணிக்கணும். ஆறிடுச்சுன்னா கால் உங்களுது. ஆறலன்னா விரல்ல ஆரம்பிப்போம், எங்க நிறுத்துவோம்னு சொல்ல முடியாது." வண்டி ஓட்டுவதை நிறுத்தச் சொன்னார். நைனா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுநாள் யார்டுக்குப் போனார். அந்தக் கால் போனால் வண்டி போகும். வண்டி இல்லாத நைனாவை நானும் பார்த்ததில்லை, அம்மாவும் பார்த்ததில்லை. அவரே பார்த்ததில்லை.

டிரஸ்ஸிங்குக்குப் போகாமல் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அம்மா வெடித்துவிட்டாள்.

"காலை வெட்டிக் கைல குடுத்தாதான்யா உனக்கு பேஜாரு தீரும்!"

"கியூவ வுட்டுட்டு எப்டிமே போறது?"

"சாவியக் குடுத்துட்டுப் போ. ஊர்ல எவனும் போவலயா?"

"ஒருநாள் குடுக்கலாம். ஒருநாள் வுட்டு ஒருநாள் இன்னொருத்தன் தலைல கட்ட முடியுமா? அவன் மன்சன் இல்லியா? கியூ எப்ப நவுரும்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்? நீ வோணா போய் கேட்டாண்ட குந்திகினு, நவுந்தா போன் போடு."

நைனா இதைக் கடுப்பில் சொன்னார். நான் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். துறைமுக கேட் பக்கத்தில் ஒரு ஆள் எதற்கு? வரிசை முழுக்க ஆட்கள் இருக்கிறார்களே. எல்லார் கையிலும் போன் இருக்கிறதே. முன்னால் இருப்பவன் 'ஓடுது' என்று ஒரு பட்டனைத் தட்டினால், பின்னால் இருப்பவன் போனில் மணி அடிக்காதா?

சென்டர் சார் துரத்தியபின் நான் செய்தது இதுதான். போனிலேயே ஆப் எழுத உதவும் ஒரு ஆப் இருந்தது, இலவசம். அதை இறக்கிக்கொண்டேன். என் போன் கொஞ்சம் நல்ல போன், காலேஜ் கடைசி வருஷம் வாங்கியது. கீபோர்டு திறந்தால் திரையில் பாதி மறைந்துவிடும். மீதிப் பாதியில் ஆறேழு வரி தெரியும். எழுதுவதோ நூற்றுக்கணக்கான வரி. ஜன்னல் கம்பி இடுக்கு வழியாக ஒரு தெருவை முழுக்கப் பார்ப்பதுபோல இருக்கும். ஆப் எழுதும் ஜாவா மொழியில் எதற்கெடுத்தாலும் நெளிவு அடைப்புக்குறி வேண்டும். அது கீபோர்டின் மூன்றாவது பக்கத்தில் ஒளிந்துகொண்டிருந்தது. திறந்த அடைப்புக்குறியை எங்கே மூட மறந்தேன் என்று தேடியே கட்டைவிரல் தேய்ந்தது.

சொல்லித்தரும் வீடியோவும் அதே போனில்தான் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே எழுத வழியில்லை. வீட்டில் இருந்த இன்னொரு போன் அம்மாவின் பட்டன் போன். அதனால் ஒரு பகுதியைப் பார்ப்பேன், கண்ணை மூடிச் சொல்லிப் பார்ப்பேன், வீடியோவை மூடிவிட்டு எழுதுவேன். திருக்குறள் ஒப்பிக்கிற மாதிரி கோடிங்கை மனப்பாடம் செய்தவள் இந்தியாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீடியோவில் அந்த ஆள் கம்ப்யூட்டரில் எதையெதையோ திறந்து காட்டுவான். என் ஆப்பில் இல்லாத இடம் வந்தால் தள்ளிவிட்டு மேலே போய்விடுவேன்.

எழுதியதை ஓடுகிற ஆப்பாக மாற்றுவதைப் பில்ட் என்பார்கள். பில்ட் போட்டால் போன் கொதிக்கும். பாதியில் தானே அணைந்துவிடும். அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நானும் கூடப் போக ஆரம்பித்தேன். பில்ட் போட்டு, போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஐஸ் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொள்வேன்.

"இன்னாமே, உன் பொண்ணு போனுக்கு ஜொரமா?" என்று ஒரு அக்கா அம்மாவைக் கேட்டாள்.

"ஜொரம் அதுக்கு இல்லக்கா, இவளுக்கு."

"படிச்ச பொண்ணுன்ன, இறாலோட போனையும் ஐஸ்ல போட்டுகினு கீது. எக்ஸ்போர்ட்டுக்கா?"

ஷெட்டே சிரிக்கும். நானும் சிரிப்பேன், ஒரு கண் கவரின் மேலேயே இருக்கும். அதற்குள் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து முடிந்தால் ஜெயித்தேன். சிவப்பு எழுத்து வந்தால் மறுபடி முதலிலிருந்து. போன் முழுக்க இறால் நாற்றம். இன்டர்வியூவுக்குப் போனபோதுகூட அந்த நாற்றம் போயிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆப் ஒருவழியாக ஓடியது. மாட்டுமந்தை மேம்பாலம், எர்ணாவூர், பட்டினத்தார் கோயில், டோல்கேட், காசிமேடு என்று இடங்கள். நீ எங்கே நிற்கிறாயோ அதைத் தட்டு. கீழே இரண்டு பட்டன்: நிக்குது, ஓடுது. உனக்கு முன்னால் இருப்பவர்கள் 'ஓடுது' தட்டினால் உன் போனில் மணி அடிக்கும். பெயர் வைக்க ஸ்டைலாக நாலைந்து இங்கிலீஷ் பெயர் யோசித்து நைனாவிடம் சொன்னேன்.

"இதெல்லாம் எவன் வாய்ல நுழையும் பாப்பா? வண்டிக்காரன் போன் எடுத்தா மொதல்ல இன்னா கேப்பான்? கியூ எங்க கீதுன்னுதான். அதையே வை."

அதையே வைத்தேன். நைனா அதை டிரைவர்கள் க்ரூப்பில் போட்டார். ஸ்டோரில் இல்லாத ஆப் என்பதால், இறக்கும்போது ஒவ்வொரு போனும் 'இந்த ஃபைல் ஆபத்தானதாக இருக்கலாம்' என்று பயமுறுத்தியது. க்ரூப்பில் குரல் மெசேஜ்களாக வந்து விழுந்தன.

"இன்னா நைனா, உன் பொண்ணு நம்ம பேங்க்ல கீறத உருவிகினு பூடும்போல கீதே."

"உன் பேங்க்ல இன்னாடா கீது, உருவுறதுக்கு? போடுடா, சும்மா."

முதலில் போட்டவர் ஒரு மாமா. நைனாவின் கூட்டாளி, அதே ஓனரிடம் ஓட்டுபவர், பெரும்பாலும் நைனாவின் வண்டிக்கு அடுத்த வண்டி அவருடையதுதான். மணி அடித்ததும் எனக்குப் போன் போட்டுக் குழந்தை மாதிரி கத்தினார். "அடிக்குதும்மா! நெஜமாவே அடிக்குது!" பிறகு ஒருவர் ஒருவராகப் போட்டார்கள்.

அதற்கப்புறம் சில வாரங்கள் நன்றாகப் போயின. நைனா டிரஸ்ஸிங்குக்குப் போனார். வரிசை நிற்கும்போது ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போவார், போனைப் பார்த்துக்கொண்டே அங்கே நோயாளிகள் வரிசையில் உட்காருவார், மணி அடிப்பதற்குள் திரும்பிவிடுவார். புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை வந்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னாராம். அதைப் போட்டோ எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினார். "சாப்புடும்போது காட்டாதய்யா" என்று சொல்லிவிட்டு, அம்மா போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

சாப்பாடு கொண்டுபோகும்போது கேபின்களில் இருந்து குரல் வரும். "ஆப் பாப்பா வருது, வழி வுடு!" மாமா ஒருநாள் சொன்னார், "இப்பல்லாம் எவனும் சாவியே குடுக்கறதில்லம்மா. அவன் அவன் சாவி அவன் அவன் பாக்கெட்ல. எல்லாம் உன் புண்ணியம்." எனக்கு அது பாராட்டாகக் கேட்டது. மாமாவும் பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்று வரிசை பட்டினத்தார் கோயில் பக்கம் அசையாமல் நின்றது. காலையிலிருந்து நல்ல வெயில். நைனா சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டிரஸ்ஸிங்குக்குப் போனார். நான் வீட்டில் இருந்தேன். ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டியாகப் பார்ப்பது அப்போது எனக்குப் பழக்கமாகியிருந்தது. கடலைப் பார்ப்பதுபோல அதைப் பார்ப்பேன். காசிமேட்டில் ஒருவர் 'ஓடுது' தட்டினார். பிறகு டோல்கேட். பிறகு மளமளவென்று வரிசையாக. என் போனில் மணி அடித்தது. நைனா போனிலும் அடித்திருக்கும், இந்நேரம் கிளம்பியிருப்பார் என்று நினைத்தேன். ஒரு ஊரே நகர்வதை என் கையில் வைத்துப் பார்க்கிறேன் என்று கர்வமாகக்கூட இருந்தது.

நைனா ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிக்குது என்று காட்டியது. டிரஸ்ஸிங் முடிந்து வெளியே வந்து பார்த்தார். நிக்குது. ஒரு மோர் வாங்கிக் குடித்தார்.

பின்னால் இருந்த மாமா, ஆப் இருக்கிறதே, ஆள் வந்துவிடுவார் என்று காத்திருந்தார். முன்னால் இடம் காலியாகிக்கொண்டே போனது. பின்னால் ஹாரன். நைனா வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது, சாவி இல்லை. பின்வண்டிகள் ஒடித்து வெளியே எடுத்து முந்திப் போகத் தொடங்கின. அப்போதுதான் மாமா போன் செய்தார். "யோவ், எங்கய்யா கீற? கியூ ஓடினுகீது, உன் வண்டி நின்னுகினு கீது!"

ஆட்டோ கிடைக்கவில்லை. டிரஸ்ஸிங் செய்த காலுக்குப் போடும் அகலமான செருப்பில் ஓட வராது. நைனா அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். உச்சி வெயில், தார் ரோடு, வெறும் கட்டு போட்ட கால். வலித்திருந்தால் நின்றிருப்பார். அந்தக் காலுக்குத்தான் வலி தெரியாதே. ஓடிவந்து ஏறி, விட்ட இடத்தைப் பிடிக்க, அதே காலால் கிளட்ச்சை மிதித்து மிதித்துச் சாயங்காலம் வரை ஓட்டினார். பெட்டியை இறக்கிவிட்டுக் கீழே இறங்கும்போதுதான் பெடல் நனைந்திருப்பதைப் பார்த்தார். டீ கொட்டிவிட்டது என்று நினைத்தாராம்.

மூன்றாம் நாள் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதலில் இரண்டு விரல். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு தடவையும் இதோடு நிற்கும் என்று நம்பினோம். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

வார்டில் மாமா நைனாவின் கட்டில் பக்கத்தில் நின்று அழுதார். "நான் சாவி கேட்டு வாங்கியிருக்கணும்மா. ஆப்புக்கு முன்னாடில்லாம் கேப்பேன். அன்னிக்கு கேக்கல."

"ஆப்புல ஓடுதுன்னு சரியாத்தான் மாமா வந்துச்சு. நான் பாத்துனேதான் இருந்தேன்."

"என் போன்ல நிக்குதுன்னுதான் போட்டுருந்துச்சு பாப்பா" என்றார் நைனா மெதுவாக.

இரண்டு போனையும் கட்டில்மேல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். மாமா தன் போனில் தட்டினார். இரண்டிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். மறுபடி தட்டினார், மறுபடி இரண்டிலும் அடித்தது.

"வெயில்ல சரியா தெரிஞ்சிருக்காதுய்யா" என்றாள் அம்மா. "கண்ணாடியும் போடறதில்ல."

நைனா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா போல. நான்தான் சரியா பாக்கல."

அது அப்படியே முடிவாகிவிட்டது. பார்க்க வந்தவர்களிடம் நைனா தானே சொல்ல ஆரம்பித்தார்: "கண்ணு மங்கிப்போச்சுப்பா, ஓடுதுன்னு போட்டுகீறத நிக்குதுன்னு படிச்சிட்டேன்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வாரமே ஆப்பை நிறுத்திவிட்டேன். க்ரூப்பில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. வரிசையில் மறுபடி சாவி கைமாறத் தொடங்கிவிட்டது என்று மாமா சொன்னார்.

எனக்கு வேலை கிடைத்ததும் அந்த ஆப்பால்தான். கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனி. "இத முழுக்க போன்லயே எழுதினியா?" என்று இன்டர்வியூ எடுத்தவர் மூன்று முறை கேட்டார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். சர்க்கஸில் ஒற்றைக் கயிற்றில் நடப்பவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். சேர்ந்த முதல் நாளே மேஜைமேல் ஒரு லேப்டாப் வைத்தார்கள். பழசுதான். நான் அதைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தேன்.

இரண்டாம் வாரம் நான் எழுதிய ஏதோ ஒன்று சில போன்களில் சரியாக ஓடவில்லை. டீம் லீட் அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டாள். "எமுலேட்டர்ல போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்கா" என்றேன். பார்க்கவில்லை. அது என்னவென்றே சரியாகத் தெரியாது. அவள் போனதும் தேடினேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போன். நிஜப் போன் இல்லை, ஆனால் நிஜப் போன் செய்வதை எல்லாம் செய்யும். எந்த மாதிரி போன் வேண்டுமோ அந்த மாதிரி ஆக்கிக்கொள்ளலாம்: பழசு, புதுசு, சின்னத் திரை, மெமரி கம்மி. ஓரத்தில் ஒரு கோடு இருந்தது. அதை இழுத்தால் அந்தப் போனின் பேட்டரி ஏறும், இறங்கும். வீடியோக்களில் அந்த ஆள் திறந்து காட்டியபோது நான் தள்ளிவிட்டுப் போன இடம் இதுதான்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. நைனாவின் போனைப்போல ஒன்றை உண்டாக்கினேன். அதே பழைய வெர்ஷன், அதே குறைந்த மெமரி. நிறுத்திவைத்திருந்த ஆப்பை மறுபடி ஓடவிட்டு, அதற்குள் போட்டேன். என் போனில் 'ஓடுது' தட்டினேன். அதில் மணி அடித்தது. சரியாகத்தான் இருந்தது.

பிறகு அந்தக் கோட்டைப் பிடித்துப் பேட்டரியைக் கீழே இழுத்தேன். பேட்டரி சேவர் தானே வந்து உட்கார்ந்தது. 'ஓடுது' தட்டினேன். மணி அடிக்கவில்லை. மறுபடி தட்டினேன். அந்தப் போனில் 'நிக்குது' என்றே இருந்தது. சார்ஜ் குறைந்ததும் அந்த மாதிரி போன் ஆப்பைத் தூங்க வைத்துவிடுகிறது. ஆப்போ, கடைசியாகத் தெரிந்ததையே புதுத் தகவல் மாதிரி காட்டிக்கொண்டு நிற்கிறது. கேபினில் சார்ஜர் வயர் அறுந்துவிட்டது என்று, அவர் வெறுங்காலில் ஓடிய அன்றைக்கு முந்தின நாள்தான் நைனா சொல்லியிருந்தார். வார்டில் இரண்டு போனையும் வைத்துப் பார்த்தபோது, நாங்கள் நல்ல பிள்ளைகளாக அவர் போனை முழுக்கச் சார்ஜ் போட்டு வைத்திருந்தோம்.

ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. சரிசெய்ய நாலு வரி. எழுதினேன். 'இது பழைய தகவல், நம்பாதே' என்று சிவப்பில் வந்தது. பளிச்சென்று, வெயிலிலும் தெரிகிற மாதிரி.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது நைனா வாசல் பக்கம் நாற்காலியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்.

"நைனா, அன்னிக்கு நீ சரியாத்தான் பாத்துகீற. உன் போன்ல நிக்குதுன்னுதான் இருந்துருக்கும். தப்பு ஆப்புல."

டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "நெஜமாவா சொல்ற?"

"ஆபீஸ்ல போட்டுப் பாத்தேன். அப்படியே வருது."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், இங்க வாமே. கேட்டுக்க. என் கண்ணு நல்லாத்தான் கீதாம். மங்கிப்போச்சு, மங்கிப்போச்சுன்ன. பாப்பா சொல்லுது பாரு."

அம்மா வந்து நின்று என்னைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் ஒரு பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

நைனா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். டிவியில் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு இன்னா, பெரிய தப்பா பாப்பா?"

"பெருசு நைனா."

"எவ்ளோ பெருசு?"

"பெரிய பெரிய கம்பெனிக்காரனுங்களுக்கே புரியாது. ஆபீஸ்ல எல்லாரும் சேந்து குந்தித்தான் கண்டுபுடிச்சோம். எவனாலயும் முன்னாடியே கண்டுபுடிச்சிருக்க முடியாது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சரி" என்றார். "சின்னத் தப்புன்னாதான் மன்சு கேக்காது."

டிவி சத்தத்தைக் கூட்டினார். உள்ளேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். நான் அவருக்குக் கை கொடுக்கப் போனேன். எழுந்திருக்கும்போது அவர் இடது பக்கம் சாய்வார், அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். எனக்கு இன்னும் பழகவில்லை. அன்றும் வலது பக்கம் போய் நின்றேன்.